மெத்தையில் அமர்ந்த அட்டை

அந்தப் படையணியின் சாமான் பட்டியலில் வெள்ளிக் கோப்பை நாற்பத்திரண்டு, கண்ணாடிக் கண் கழன்றுபோன புலித்தலை ஒன்று, வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லாத பியானோ ஒன்று என்று எழுதி, அதற்கடுத்த வரியில் அட்டை ஒன்று, உயிருள்ளது, என்று எழுதியிருந்தது. எழுதிய கை யாருடையது என்று எவருக்கும் தெரியாது, ஏதோ ஒரு காட்டுச் சண்டையில் ஒரு கர்னலின் பூட்ஸுக்குள் ஏறி வந்தது என்பார்கள் சிலர், கர்னலின் பெண்டாட்டியுடைய செருப்பில் ஏறி வந்தது என்பார்கள் வேறு சிலர், எப்படியோ வந்து தொலைந்தது, வந்த நாளிலிருந்து ரத்தம் குடித்துக் குடித்து ஒரு வயசுப் பிள்ளையின் பருமனுக்கு வளர்ந்து, ஆட்டு ஈரல் நிறத்தில், மீன் கழுவின தண்ணீரின் வீச்சத்தோடு, மெஸ் ஹாலின் நடு சோபாவில் சிவப்பு வெல்வெட் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தது. அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் தேடும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். சொன்ன மகராசன் இந்த அட்டையைப் பார்த்ததில்லை. இது மெத்தையை விட்டு ஒரு நாளும் இறங்கியதில்லை.

மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அதிகாரிகளின் மனைவிமார் அங்கே டீ குடிக்கக் கூடுவார்கள். டீக்கு முன்னால் அட்டைக்கு. புருஷன் தோளில் நட்சத்திரம் குறைந்தவள் முதலில் போய் இடது மணிக்கட்டை நீட்ட வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் அதற்குப் பசி அதிகம். பிறகு கேப்டன் மனைவிமார், பிறகு மேஜர் மனைவிமார், அவர்கள் முறை வருவதற்குள் அது பாதி மயங்கி, சும்மா பேருக்கு ஒரு முத்தம் மாதிரி உதட்டை வைத்து எடுத்துவிடும். கர்னலின் மனைவி ரத்தம் கொடுப்பதில்லை. குடித்து முடித்த அட்டையை அவள் மடியில் தூக்கி வைப்பார்கள், அது கிடந்து உறங்கும், அவள் அதன் முதுகைத் தடவிக்கொண்டே டீ குடிப்பாள். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது. அவர்களுக்குப் பிரட்டவில்லை. அதுதான் இந்தக் கதையே.

ஆவுடைத்தங்கம் அங்கே போனபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி நாற்பது நாள். தூத்துக்குடிப் பக்கத்தில் அவள் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது உப்புதான் என்பதால் மகள் லெஃப்டினென்ட் துரைசிங்கத்தோடு ரயிலேறும்போது ஒரு பெரிய பீங்கான் ஜாடி நிறையக் கல்லுப்பைப் போட்டு, வாயைத் துணியால் கட்டி, மடியில் வைத்துக் கொடுத்தார். "எத்தனை ஊரு மாத்தினாலும் மொதல்ல இது வாசப்படிய தாண்டட்டும் தாயி" என்றார். நாலு நாள் ரயிலில் ஜாடியை மடியை விட்டு இறக்காமல் வடகிழக்கு மலை ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

முதல் வியாழக்கிழமை அவளுக்கு ஒரு பீட்ரூட் கட்லெட் கொடுத்தார்கள். தெரியாமல் அதை முதலிலேயே தின்றுவிட்டாள். பிறகு கூப்பிட்டார்கள். கர்னலின் மனைவி மிசஸ் பத்மனாபன், வெள்ளைப் பட்டும் முத்துமாலையுமாக, அவள் மணிக்கட்டைப் பிடித்து வெல்வெட் மெத்தையின் மேல் வைத்து, "கண்ணை மூடிக்கோம்மா, ரெண்டே நிமிஷம்தான், அப்புறம் நீயும் எங்கள்ல ஒருத்தி" என்றாள். அந்த ஈரமான வாய் தோலில் ஒட்டியபோது, சப்பும் சத்தம் காதில் விழுந்தபோது, சுற்றி நின்ற பதினோரு பெண்களும் சிரித்த முகமாகக் கை தட்டியபோது, ஆவுடைக்கு அடிவயிற்றிலிருந்து கட்லெட் கிளம்பிவிட்டது, கட்லெட்டுக்கு முன்னால் 'ச்சீ' என்ற சொல் கிளம்பிவிட்டது. கீழே காஷ்மீர் கம்பளம். எதிரே கர்னலின் மனைவி. வாயில் வந்ததை, சொல்லையும் சோற்றையும் சேர்த்து, அப்படியே விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பார்த்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து புருஷனிடம் சாமியாடிவிட்டாள். "எங்க வீட்டு மாட்டுக்கு உண்ணி ஒட்டினாக்கூட எங்கய்யா புடுங்கி எறியத்தான் செய்வாரு. நீங்க என்னடான்னா, கெட்டுன பொண்டாட்டியக் கொண்டுபோயி குடுத்துட்டு வான்னு அனுப்புதீய. நல்லா இருக்கா உங்களுக்கே?"

துரைசிங்கம் நல்லவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே சொன்னான்: "எல்லாரும் குடுக்காங்கல்லா ஆவுடை, உனக்கு மட்டும் என்ன? வருஷா வருஷம் என்னைப் பத்தி ரகசிய ரிப்போர்ட் எழுதுறது கர்னல். கர்னல் காதுல ஓதுறது யாரு? ரெண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டா முடிஞ்சுபோச்சு."

ஆவுடை அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியின் மேல் கையை வைத்து ஒரு சபதம் எடுத்தாள். இந்த ஆள் ஒரு நாள் கர்னல் ஆவான், அன்று அந்த மூதேவி என் மடிக்கு வரும், வந்த அன்றே இந்த ஜாடியை அதன் தலையில் கவிழ்ப்பேன், எனக்குப் பின்னால் வருகிற ஒருத்தியும் கையை நீட்டக் கூடாது. உப்பின் மேல் செய்த சத்தியம் லேசுப்பட்டதில்லை என்று அவள் நம்பினாள்.

அதன்பிறகு பத்தொன்பது வருஷத்தில் பதினொரு ஊர். மலையிலிருந்து பாலைவனத்துக்கு, பாலைவனத்திலிருந்து பனிக்கு, பனியிலிருந்து தீவுக்கு, தீவிலிருந்து மறுபடி பாலைவனத்துக்கு. பெயரும் எண்ணும் வெள்ளைப் பெயின்டில் எழுதின கறுப்புப் பெட்டிகள் லாரியில் ஏறும், இறங்கும். பெட்டிகளில் எழுதியிருந்த பெயர் துரைசிங்கத்தினுடையது, அவளையும் ஊர் ஊராக மிசஸ் துரைசிங்கம் என்றுதான் அழைத்தார்கள், ஆவுடை என்று கூப்பிட அவனைத் தவிர ஆளில்லை. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் உப்பு ஜாடி வாசல் தாண்டும், எடுத்த உப்புக்கு ஈடாகப் புது உப்பு விழுந்து ஜாடி எப்போதும் நிறைந்தே இருக்கும். அட்டையும் கூடவே வந்தது. மெஸ் ஹவில்தார் மாசிலாமணி, ஆற்காட்டுக்காரர், அதைத் தகரத் தொட்டியில் ஈரச்சாக்கு போட்டு மூடி, முதல் வகுப்புப் பெட்டியில் கீழ்ப் படுக்கையில் வைத்து, தான் தரையில் உட்கார்ந்து வருவார்.

பாலைவன ஊரில் அது காய்ந்துவிடாமல் பெண்கள் முறை வைத்து ஈரத்துணி போர்த்தினார்கள், பனி ஊரில் அதற்குக் கம்பளியில் உறை பின்னினார்கள், தீவில் மழை நாளில் அது உற்சாகமாகி இரண்டாம் தடவை கேட்டபோது கொடுத்தார்கள். ராணுவ டாக்டர் ஒருவர் ரத்தக் கொதிப்புக்கு நல்லதுதான் என்று எழுதியே கொடுத்தார். மணிக்கட்டில் மூன்று கோடு ஒன்றுசேர்ந்தாற்போல் ஒரு தழும்பு விழும், அது ஆறுவதற்குள் அடுத்த வியாழன் வரும், ஆறாமல் ஓரம் வெளுத்து நடுவில் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். அந்தத் தழும்பை மறைக்காதபடி வளையலைத் தள்ளிப் போடுவது மோஸ்தராயிற்று, கடைத்தெருவில் தழும்பைப் பார்த்தால் நாற்காலி போட்டார்கள், கல்யாணப் பேச்சில் பெண்ணுக்கு அட்டை கடித்திருக்கிறதா என்று விசாரித்தார்கள். அதைவிடக் கேவலம், சிப்பாய்களின் மனைவிமார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய், நாங்கள் மட்டும் என்ன தாழ்த்தியா, எங்களுக்கும் ஒரு அட்டை ஒதுக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். மனு பரிசீலனையில் இருப்பதாக மேலிடத்திலிருந்து பதில் வந்தது.

ஆவுடையும் வரிசையில் நகர்ந்தாள். கேப்டன் மனைவியாகி ஐந்தாவது இடம், மேஜர் மனைவியாகி ஒன்பதாவது இடம். முதலில் மயக்கம் வரும், பிறகு தலை மட்டும் சுற்றியது, பிறகு அதுவுமில்லை. சாக்கடை ஓரம் குடியிருப்பவனுக்கு முதல் வாரம்தான் நாற்றம். சபதம் மறக்கவில்லை, தினமும் குழம்புக்கு உப்பெடுக்கும்போது ஞாபகம் வரும், இன்னும் இத்தனை வருஷம் என்று விரல் விடுவாள். பேரெடுத்த வீட்டுக்காரியாகி, ஐந்து பாஷை பேசி, தூதரக விருந்தில் கத்தி முள்கரண்டி பிடித்து, மூன்று நாட்டு ஜெனரல்களின் மனைவிமாருக்கு ஆப்பம் சுட்டுப் போட்டாள். ஒன்றை மட்டும் அவள் கவனிக்கவில்லை. ஆற்றுப் பாலத்தில் நடக்கும்போதும், பனியில் வழுக்கும்போதும், போட்டோவுக்கு நிற்கும்போதும் துரைசிங்கம் அவளுடைய வலது கையைத்தான் பிடிப்பான். இடது பக்கம் நின்றிருந்தால்கூட ஒரு சுற்று சுற்றி வலது பக்கம் வந்துவிடுவான். மரியாதை தெரிந்த மனுஷன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

துரைசிங்கம் கர்னல் ஆனான். அப்போது படையணி மத்தியப் பிரதேசத்தில் ஒரு கண்டோன்மென்டில் இருந்தது. முதல் வியாழக்கிழமை ஆவுடை உப்பு ஜாடியை ஆளிடம் கொடுத்து அனுப்பி சோபாவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள். எல்லாரும் கொடுத்து முடித்தார்கள், மாசிலாமணி இரண்டு கையாலும் அட்டையை ஏந்தி அவள் மடியில் வைத்தார்.

அது இளஞ்சூடாக இருந்தது. கனமாக இருந்தது. மடியில் ஒரு முறை நெளிந்து, இடம் பார்த்து, சுருண்டு படுத்தது. அத்தனை பேரும் அவள் டீயை எடுப்பதற்காகக் காத்திருந்தார்கள், அவள் எடுத்தால்தான் மற்றவர்கள் எடுக்கலாம். ஜாடி ஒரு கை தூரம். சரி, இன்றைக்குத்தானே வந்திருக்கிறோம், அடுத்த வியாழன் பார்க்கலாம் என்று ஆவுடை கோப்பையை எடுத்தாள். அடுத்த வியாழனும் அடுத்த வியாழன் என்றாள். ஒன்பது வியாழக்கிழமை போய்விட்டது, ஜாடி சோபாவுக்குப் பின்னாலேயே இருந்தது, தூசி தட்டுகிறவர் அதையும் தினம் தட்டிவைத்தார். அவள் கை தன்னையறியாமல் அந்த வழவழப்பான முதுகைத் தடவப் பழகிவிட்டது. தூ, மனுஷ ஜென்மம் எதற்குத்தான் பழகாது!

பத்தாவது வியாழக்கிழமை ஜெனரலின் மனைவி வருவதாக இருந்தது. பிரிகேடியர் பதவிக்கு யார் யார் என்று முடிவாகிற மாதம் அது. காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டே துரைசிங்கம் சொன்னான்: "இன்னைக்கு எல்லாம் நல்லபடியா நடக்கணும் ஆவுடை. ஜெனரலம்மாவுக்கு அட்டைன்னா உசிரு. அவங்க மடியில வை. வேற ஒண்ணும் நான் கேக்கல." ஆவுடை சரி என்றாள். சபதம் நெஞ்சில் ஒரு முறை முட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கே ஒரு புதுப்பெண்ணுக்கும் முதல் வியாழன். லெஃப்டினென்டின் மனைவி மோனிஷா, அரக்கோணத்துப் பெண், நர்சிங் படித்தவள், வந்து ஆறு நாள். சந்தன நிறப் புடவை கசங்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த பஜ்ஜியைத் தின்றுவிட்டு, என்ன நடக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனரலின் மனைவி, நரைத்த தலை, முப்பத்தைந்து வருஷத் தழும்பு, நடுவில் அமர்ந்திருந்தாள். மோனிஷாவைக் கூப்பிட்டார்கள். ஆவுடை எழுந்து போய் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். குளிர்ந்துபோயிருந்தது.

"கண்ணை மூடிக்கோம்மா, ரெண்டே நிமிஷம்தான், அப்புறம் நீயும் எங்கள்ல ஒருத்தி" என்று ஆவுடையின் வாய் சொல்லிற்று.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. அதே சொல், அதே இழுப்பு, அந்தப் பத்மனாபன் அம்மாளின் முத்துமாலை ஒன்றுதான் பாக்கி. ஆவுடைக்கு முதுகில் தண்ணீர் ஊற்றினாற்போல் ஆயிற்று. ஆனாலும் பிடித்த மணிக்கட்டை அவள் விடவில்லை. அதைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள்.

மோனிஷா கண்ணை மூடவில்லை. அட்டையைப் பார்த்தாள், பிறகு வரிசையில் நிற்கிறவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். "நாலு வருஷம் நர்சிங் படிச்சேன் மேடம். சீழ் தொடைச்சிருக்கேன். புழு வச்ச காலைக் கழுவிக் கட்டியிருக்கேன். ரத்தம், அட்டை, இதுக்கெல்லாம் எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். "இவ்ளோ பேர் இத சிரிச்சிக்கினே பாத்துனு நிக்கிறீங்க பாருங்க, அதான் மேடம், அதப் பாத்தாதான் எனக்குக் கொமட்டிக்கினு வருது."

சொல்லி முடிக்கவில்லை, வாந்தி எடுத்துவிட்டாள். விழுங்கப் பார்க்கவில்லை, வாயைப் பொத்தவில்லை, வெல்வெட் மெத்தை, அட்டை, காஷ்மீர் கம்பளம், ஆவுடையின் பட்டுப்புடவைக் கொசுவம் எல்லாவற்றின் மேலும் தின்ற பஜ்ஜி அத்தனையும் வந்து விழுந்தது.

கொட்டாவியும் வாந்தியும் ஒருத்தரோடு நிற்பதில்லை. அடுத்து நின்ற கேப்டன் மனைவி உவ்வே என்றாள், அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து மேஜர் மனைவிமார். ஆனால் அவர்கள் எடுத்தது அன்று தின்ற பஜ்ஜி இல்லை, பாலைவனத்து ஊரில் முதல் வியாழக்கிழமை தின்ற பாதாம் அல்வா ஒருத்திக்கு, பனி ஊரில் தின்ற ஆப்பிள் கேக் ஒருத்திக்கு, தீவில் தின்ற தேங்காய் பர்பி ஒருத்திக்கு, அன்றன்றைக்கு விழுங்கி உள்ளே அனுப்பினது அன்றன்றைக்குப் போலவே திரும்பி வந்தது. ஜெனரலின் மனைவி கைப்பையைத் திறந்து அதற்குள் முப்பத்தைந்து வருஷத்துக் கடலைமாவுப் பக்கோடாவைக் கக்கிவிட்டு, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையும் குனிந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின பீட்ரூட் கட்லெட், நிறம்கூட மாறாமல், கருஞ்சிவப்பு நிறத்தில் கம்பளத்தில் வந்து விழுந்தது. கட்லெட் வந்தது, அதற்கு முன்னால் கிளம்பிய சொல் மட்டும் வரவில்லை.

வாயைத் துடைக்காமலே சோபாவுக்குப் பின்னால் போய் ஜாடியைத் தூக்கினாள், துணியைப் பிய்த்தாள், அந்த ஈரல் முதுகின் மேல் கவிழ்த்தாள். அட்டை கத்தவில்லை, அதற்கு வாய் குடிப்பதற்கு மட்டும்தான். துள்ளியது, நீண்டது, இறுகியது, பிறகு எத்தனையோ வருஷத்து ரத்தத்தையெல்லாம் கக்க ஆரம்பித்தது. கறுத்ததும் சிவந்ததும் கட்டிகட்டியாக மெத்தையிலிருந்து கம்பளத்துக்கும் கம்பளத்திலிருந்து தரைக்கும் வழிந்து, உப்பும் வாந்தியும் கலந்து கணுக்காலைத் தொட்டது. எந்த ரத்தம் யாருடையது என்று ஒருத்தியாலும் சொல்ல முடியவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லாமல், மூக்கைப் பொத்தினார்கள். கடைசியில் மெத்தையில் கிடந்தது சுண்டுவிரல் அளவுக்கு ஒரு வாடின தோல்.

மாசிலாமணி சாமான் பட்டியலோடு வந்தார். முப்பது வருஷமாக அதைத் தொட்டியில் தூக்கிச் சுமந்த மனுஷர். "மேடம், அட்டை ஒண்ணு குறையுது. என்ன எழுதட்டும்?"

"வாந்தி எடுத்துட்டோம்னு எழுதுங்க" என்றாள் ஆவுடை. அவர் அப்படியே எழுதினார், மூன்று பிரதி எடுத்தார். அடுத்த மாதம் பியானோ முதலான சாமான்களைக் கணக்கெடுக்கிற ஆள் வந்து அந்த வரியைப் படித்துவிட்டுக் கேள்வி எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு துரைசிங்கம் வீட்டுக்கு வந்தான். விஷயம் அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான். ஆவுடை குளித்து, பழைய பருத்திச் சேலை கட்டி, காலி ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"பிரிகேடியர் போச்சு" என்றான்.

"போகட்டும்."

"பத்தொன்பது வருஷ உழைப்பு ஆவுடை."

"யாரு உழைப்பு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. இடது கையை அவன் பக்கம் நீட்டினாள். கர்னல் மனைவியாகி அட்டைக்குக் கொடுப்பதை நிறுத்திப் பத்து மாதமாகியும், மணிக்கட்டில் பத்தொன்பது வருஷத்து வாய் இன்னும் ஓரம் வெளுத்து ஈரமாக இருந்தது. "இனிமே இது ஆறிரும். கொஞ்சம் மஞ்சள் வச்சுக் கட்டிவிடுங்க. எனக்கு ஒத்தக் கையால கட்ட முடியல."

துரைசிங்கம் மஞ்சள் கிண்ணத்தை எடுத்தான், கிட்டே வந்தான், குனிந்தான். அவன் கை அந்தத் தழும்புக்கு நாலு விரற்கடை தூரத்தில் நின்றது. பிறகு அந்தக் கை, தானாகவே, பழகின வழியில் ஒரு சுற்று சுற்றி வந்து அவளுடைய வலது கையைப் பிடித்தது.

ஆவுடை அவன் முகத்தைப் பார்த்தாள். மூக்கு சுருங்கியிருந்தது, உதடு ஒரு பக்கம் கோணியிருந்தது, அவன் மறைக்கப் பார்த்தும் மறையவில்லை. பாலமும் பனியும் போட்டோக்களும் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. அட, இந்த மனுஷனுக்கு முதல் வியாழக்கிழமையிலிருந்தே அருவருப்பு இருந்திருக்கிறது. அவளுக்கு மரத்துப்போன பிறகும் இவனுக்கு மரக்கவில்லை. அத்தனை அருவருப்பையும் வைத்துக்கொண்டுதான் மாதா மாதம் காரில் ஏற்றி அனுப்பியிருக்கிறான்.

வலது கையை உருவிக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து, கட்லெட்டுக்குக் கீழே, பத்தொன்பது வருஷமாகக் கிடந்த அந்தச் சொல் மெல்ல எழும்பி நெஞ்சைத் தாண்டித் தொண்டையைத் தாண்டி நாக்குக்கு வந்தது. இந்தத் தடவை அவள் விழுங்கவில்லை.

"ச்சீ" என்றாள்.

பிறகு மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கட்டிவிடச் சொல்வதற்காக மோனிஷாவின் வீட்டுக்கு நடந்து போனாள்.